மலேயா வீட்டுக் கூறு

பல் மருத்துவம் படிக்க மலேசியாவிலிருந்து சிதம்பரத்துக்கு வந்தபோது எனக்கு வயது பதினேழு. "மக வெளிநாட்டுல படிக்கிறா" என்று கிள்ளானில் அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சிதம்பரத்திலோ ஆட்டோக்காரர் முதல் விடுதிக் காவலாளி வரை எல்லோரும், "என்னா இருந்தாலும் சொந்த ஊருக்கு வந்துட்ட பாரு" என்றார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். என் ஊரில் நினைத்தபோது மழை பெய்யும். காலையில் ரொட்டி சானாய் கிடைக்கும். பேருந்தில் முன்பின் தெரியாத ஒருத்தி தன் பிள்ளையை என் மடியில் உட்காரவைத்துவிட்டு, நிம்மதியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டாள். இது எப்படி என் சொந்த ஊராகும்?

இப்படி முறைத்துக்கொண்டே எட்டு மாதம் ஓட்டினேன். 2007 மே மாதம் விடுமுறை விட்டார்கள். கூடப் படித்த மலேசியப் பிள்ளைகளெல்லாம் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு பயணம்தான் என்று அப்பா முதலிலேயே சொல்லியிருந்தார். அதை நான் தீபாவளிக்கு வைத்திருந்தேன். ஆகவே விடுதியில் நான், ஒரு மேசை மின்விசிறி, கொஞ்சம் மெழுகுக் கட்டை. முதலாண்டில் எங்களுக்கு மெழுகில் பல் செதுக்கும் பயிற்சி உண்டு. ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். முடித்துப் பார்த்தால் அது பல்லாக இருக்காது, இட்லியாக இருக்கும்.

விடுதிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஐ.எஸ்.டி. போன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கிருந்துதான் அப்பாவிடம் பேசுவேன். அந்த மே மாதம் கடைக்காரர் தன் அக்கா மகனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். பையனுக்குப் பத்தொன்பது வயது. கடலூரில் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறவன், வீடு கீரப்பாளையம், இப்போது லீவு. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதல் நாள் தெரிந்தது ஒன்றுதான்: அவன் ஒட்டுக்கேட்கிறவன்.

"பசியாறிட்டியாம்மா?" என்று அன்றைக்கு அப்பா கேட்டார். நன்றாகச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"பொய் சொல்றீங்க. உங்க மெஸ் மூடி ரெண்டு நாளாவுது. பிஸ்கட்டுதான் வாங்கிட்டுப் போனீங்க, பாத்தேன்" என்றான் அவன்.

"அடுத்தவங்க பேசுறதக் கேக்குறது ஒரு பொழப்பா?"

"கூண்டுக் கதவு மூட மாட்டேங்குது. காத நான் கழட்டியா வெக்க முடியும்?"

நான் விடவில்லை. கதவைச் சரிசெய்ய வக்கில்லாத கடை என்றேன், மரியாதை தெரியாத ஆள் என்றேன், இன்னும் மலாயில் இரண்டு சேர்த்துக்கொண்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் மதியம் ஒரு தூக்குப் பாத்திரத்தில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்து வைத்தான். சிநேகிதன் ஒருவனுக்கு மெஸ் இல்லை என்று அம்மாவிடம் சொன்னானாம். நான் கோபத்தைக் காட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சோறு முடிந்தபோது கோபமும் முடிந்திருந்தது.

ஒரு வாரத்தில் நீங்கள் நீயானது. பத்து நாளில், ஜெராக்ஸ் எடுக்கவேண்டிய காகிதம் எதுவும் என் அறையில் மிச்சமில்லை என்றானது. பல் படிக்கிறவள் என்பதால் யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பேன். அவனுக்கு மேல் வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பி நிற்கும். எங்கள் பாடப்புத்தகத்தின்படி அது திருத்தவேண்டிய குறை. அவன் சிரித்தால் மட்டுமே அது தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் ஏதாவது வேடிக்கை யோசித்துக்கொண்டு போவேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. சுற்றிவளைக்க ஒன்றுமில்லை, அவ்வளவு பிடித்திருந்தது.

நான் செதுக்கியதிலேயே உருப்படியான ஒரு கடைவாய்ப்பல்லை அவனுக்குக் கொடுத்தேன். பெரிய பொக்கிஷம்போலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். சிதம்பரத்து மே மாத வெயிலுக்கு மெழுகு என்ன ஆகும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கீரப்பாளையத்தில் இறங்கும்போது சட்டையில் பெரிய கறை. துவைக்கப் போட்டபோது அவன் அம்மா, "எந்த சிநேகிதன்டா பல்லு குடுத்தான்?" என்று பிடித்துக்கொண்டார். பையன் பொய் சொல்வதில் என்னளவுக்குத் தேறியவனில்லை. மலேசியாவிலிருந்து வந்த பெண், தனியாக இருக்கிறாள், சாப்பாடில்லை என்பதுவரை சொல்லிவிட்டான். "அப்ப கூட்டிகிட்டு வா, நானே சோறு போடுறேன்" என்று சொல்லிவிட்டார் அம்மா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கடையில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன். அவன் அப்பாவுக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை, வீட்டில் இல்லை. அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தார். மலேசியாவில் சோறு தின்பீர்களா, பொங்கல் வைப்பீர்களா, உங்க ஊரில் கரண்ட் போகுமா என்று கேட்டுக்கொண்டே பரிமாறினார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"உங்க குலதெய்வம் எது பாப்பா?"

குலதெய்வம் எது என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் ஒரே கேள்வியில் இரண்டு பதில் வாங்கிவிடுவார்கள். நீ எந்த ஆட்கள் என்பது ஒன்று. உன் வீடு நாங்கள் பெண் எடுக்கக்கூடிய வீடா, இல்லை எங்கள் வீடேதானா என்பது மற்றொன்று. நான் இருபது நிமிடம் கழித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். கேள்வி வந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில்தான்.

"முனீஸ்வரர், ஆன்ட்டி."

"எந்த ஊரு முனியப்பன்?"

முனியப்பனுக்கு ஊர் உண்டு என்பதே எனக்குச் செய்தி. "உங்களுக்கு எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்டேன்.

"எங்களுக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம், ஏரிக்கரை முனியப்பன்."

அவர் முகம் நல்ல முகம். மீன் துண்டு பெரிய துண்டு. அவருக்கு என்னைப் பிடிக்கவேண்டும் என்ற ஆசை எனக்குத் தொண்டை வரைக்கும் இருந்தது. "எங்களுக்கும் அவருதான் ஆன்ட்டி" என்றேன்.

எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரை ஏறியது. அவன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். குழம்புக் கையோடு என் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"அப்ப நீ கப்பலேறுன வூட்டுப் பொண்ணா?"

ஒன்றும் புரியாதபோது தலையாட்டுவது என் பழக்கம். ஆட்டினேன்.

"எத்தினி வருசம் கழிச்சி வந்துருக்குதுங்க பாரு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டேய், இவ உன் தங்கச்சிடா. பங்காளி வூட்டுப் பொண்ணு."

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவன் கூட வந்தான். புளியமரத்தடியில் நின்று, ஒரு வாத்தியாரைப்போல விளக்கினான். ஒரே ஊர், ஒரே முனியப்பன் என்றால் ஒரே பாட்டன் பிள்ளைகள் என்று கணக்கு. அப்படிப்பட்டவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் கூடப்பிறந்தவர்கள். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

"அத ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்று நான் எகிறினேன்.

"நீ எங்க முனியப்பனத் தூக்கி உங்க வூட்டுல வெப்பன்னு நான் கனவா கண்டேன்?"

"உங்கம்மா சந்தோஷப்படணும்னுதான் சொன்னேன்."

"சந்தோஷமாத்தான் இருக்காங்க. இருவது வருசமா பொட்டப்புள்ள இல்லன்னு அழுதவங்க." சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். திரும்பிய பல் தெரிந்தது. நானும் சிரித்தேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் சிரிக்கிற விஷயமில்லை என்று உறைத்தது.

கப்பலேறிய வீடு என்பது என்னவென்றும் கேட்டேன். அவர்கள் பங்காளிகளில் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் மலேயாவுக்குப் போய்விட்டாராம், திரும்பவே இல்லையாம். பெயர்கூட அவனுக்குத் தெரியாது, அதெல்லாம் பெரியப்பாவுக்குத்தான் தெரியும் என்றான்.

அடுத்த பத்து நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பொய் எங்களைக் காலி செய்துவிட்டது என்று நினைத்தோம். பார்த்தால், அதைப்போல ஒரு வசதி வேறு எதிலும் கிடைத்திருக்காது. "தங்கச்சிய எங்கனா கூட்டிகிட்டுப் போய் காட்டுடா, ரூமுக்குள்ளயே கெடக்குது" என்று அவன் அம்மாவே விரட்டினார். கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனோம். புளிசாதம் கட்டிக் கொடுத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடு என்று சொல்லியனுப்பினார். காதலிப்பதற்குத் தாயே புளிசாதம் கட்டிக் கொடுத்த பெண் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

சிக்கல் என்னவென்றால், கடலூரில் பாதிப் பேர் அவனுக்கு மாமா, மீதிப் பேர் மச்சான். தேவனாம்பட்டினம் பஸ்ஸில் ஒருவர், கடற்கரையில் சுண்டல் வாங்கும்போது இன்னொருவர். "யாருப்பா பொண்ணு?" என்பார்கள். "பங்காளி வூட்டுப் பொண்ணு மாமா, மலேசியாலேர்ந்து வந்துருக்காங்க" என்று அவன் சொல்வான். சொல்லும்போது அவன் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டுமே. நான் கைகூப்பி வணக்கம் சொல்வேன். அவர்கள் எனக்குப் பத்து ரூபாய் கொடுத்து ஆசீர்வதிப்பார்கள்.

அலை முட்டிவரைக்கும் வரும் இடத்தில் நின்றோம். மாமாக்கள் யாரும் கண்ணில்படவில்லை. என் கையை அவன் பிடித்துக்கொண்டான். எனக்குத் தெரிந்த கடல் எப்போதும் மேற்கே இருக்கும். இது கிழக்கே இருந்தது. நேராகப் போனால் என்னா வரும் என்று கேட்டான். எங்கள் வீடு வரும் என்றேன். "அப்ப நான் நீந்தியே வந்துடுவேன்" என்றான். பத்தொன்பது வயதில் ஒரு பையன் சொல்லக்கூடிய அசட்டுத்தனம்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவன் ஒரு செய்தியோடு வந்தான். வைகாசி மூன்றாவது ஞாயிறு முனியப்பனுக்குப் படையல். பங்காளிகள் அத்தனை பேரும் வருவார்கள். கப்பலேறிய வீட்டுப் பெண் கிடைத்துவிட்டாள் என்று அவன் அம்மா எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அங்கே ஒரு வழக்கம். வெட்டிய கிடாயை வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரித்து வைப்பார்கள். மொத்தம் பதினோரு வீடு. ஆனால் கூறு பன்னிரண்டு. பன்னிரண்டாவது, கப்பலேறியவருக்கு. "கப்பலேறுன வூடு வந்துருக்கா?" என்று மூன்று தரம் கேட்பார்கள். யாரும் வராததால் அதைப் பொதுக் குழம்பில் போட்டுவிடுவார்கள். வருகிறவர் தன் பாட்டன் பெயரைச் சொல்லித்தான் கூறு எடுக்கவேண்டும்.

கேட்கக் கேட்க எனக்கு வழி தெரிந்தது. "ரொம்ப நல்லதாப்போச்சு. எங்க பாட்டன் பேர அப்பாகிட்ட கேக்குறேன். அங்க நிமிந்து நின்னு சொல்றேன். அது வேற பேரா இருக்கும். இல்லன்னு சொல்லிடுவாங்க. உங்கம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும். திட்டி முடிச்சா நீ அசலாயிடுவ" என்றான் அவன். அசல் என்றால் சம்பந்தமில்லாதவள். சம்பந்தம் பண்ணிக்கொள்ளலாம் என்றும் அர்த்தம். அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். அவன் வழக்கம்போலக் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தாத்தாவின் அப்பாவான பாட்டனுடைய பெயர் என்ன, ஊர் என்ன என்றதும் அப்பாவின் குரல் மாறியது. பொதுவாக மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாத மனிதர், அன்றைக்கு நிறுத்தவே இல்லை. பெயரைச் சொன்னார். ஊர் பெயர் தெரியாது, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார். பாட்டனிடம் ஒற்றைக் கொம்பு மாடு ஒன்று இருந்ததாம். உயிராக வளர்த்த மாடு. அதை அவருடைய அண்ணன் கேட்காமல் சந்தையில் விற்றுவிட்டாராம். அந்தக் கோபத்தில் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறியவர்தான். கோபம் எனக்கு எந்த வழியில் வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

"ஏம்மா கேக்குற? யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்றார் அப்பா.

"சும்மாதான்பா."

"சின்ன வயசுல எல்லாரும் எந்த ஊருன்னு கேட்டா தோட்டத்துப் பேரச் சொல்லுவோம். இப்ப தோட்டமும் இல்ல, கம்பெனிக்காரன் வீடு கட்டி வித்துட்டான். என்னைய இப்ப யாராச்சும் கேட்டா என்னத்தச் சொல்றதுன்னு தெரியலம்மா. உங்க தாத்தா சாகும்போதுகூட அந்த மாட்டப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. விசாரிச்சுப் பாரு. கெடைக்காட்டி பரவால்ல."

கூண்டிலிருந்து வெளியே வந்தேன். ஸ்ரீமுஷ்ணம் என்ற வார்த்தை அவனுக்கும் கேட்டிருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றி எத்தனை ஊர், எத்தனை முனியப்பன், ஒவ்வொரு ஊரிலிருந்தும் எத்தனை பேர் மலேயா போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சமாதானம் சொன்னான். கணக்கில் அவன் கெட்டிக்காரன். நானும் நம்பினேன். நம்பத்தான் விரும்பினேன்.

படையல் அன்று அவன் அம்மா தன் பட்டுப்புடவையை எனக்குக் கட்டிவிட்டார். சேத்தியாத்தோப்பு வழியாக பஸ், பிறகு ஒரு டிராக்டர் டிப்பரில் எல்லோரும். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரையில் கூரைகூட இல்லாமல் முனியப்பன் மீசையோடு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் தோட்டத்து முனீஸ்வரருக்கும் இதே மீசைதான். எல்லா முனியப்பனுக்கும் இப்படித்தான் மீசை இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைத்தோம். என் பானைதான் கடைசியாகப் பொங்கியது. புகையில் கண் எரிந்து நான் திணறுவதைப் பார்த்து அவன் தூரத்திலிருந்து சிரித்தான். நானும் உற்சாகமாகத்தான் இருந்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தக் கூட்டத்தில் யாருக்கும் நான் உறவில்லை.

ஓலைப்பாய் விரித்து, வாழையிலை போட்டு, கறியைப் பன்னிரண்டு கூறாக வைத்தார்கள். பெரியப்பா என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர், சட்டையில்லாமல் துண்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக அழைத்தார். ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். பதினொன்று முடிந்தது.

"கப்பலேறுன வூடு வந்துருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆம்பள யாரும் வரலியா?" என்று ஒருவர் கேட்டார். "பொண்ணா இருந்தா என்னா, பாட்டன் பேர் தெரிஞ்சா எடுத்துக்கட்டும்" என்றார் பெரியப்பா. நான் எழுந்து நின்றேன். வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, இன்னொருத்தியிடம் சொல்வது கேட்டது.

"அந்த ஒத்தக் கொம்பு மாட்ட அவுத்துகிட்டுப் போயி வித்துட்டுல்ல கப்பலேறுனாரு."

அப்பா போனில் சொன்ன அதே மாடு. எதிரே தண்ணீர்க் குடத்தோடு நின்ற அவனும் அதைக் கேட்டுவிட்டான். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. உண்மைப் பெயரைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று வந்தவளுக்கு, இப்போது பொய்ப் பெயரைச் சொன்னால்தான் தப்பிக்க முடியும். அவன் என்னைப் பார்த்து மெதுவாக, மிக மெதுவாக, தலையை இல்லையென்று ஆட்டினான். எனக்கு எத்தனையோ பெயர் தெரியும். பள்ளிக்கூடக் காவலாளி பெயர், தோட்டத்துக் கங்காணி பெயர். எதையாவது சொல்லலாம். நான் பொய் சொல்லத் தயங்குகிறவள் இல்லை.

"கப்பலேறுன வூடு வந்துருக்கா?" இரண்டாவது தரம்.

"மாட்டத் திருடுனவன் வூடு, எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு வரும்" என்றார் அந்தப் பெரியம்மா. நான்கைந்து பேர் சிரித்தார்கள். வருடாவருடம் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு என்று தெரிந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவரு திருடல. அது அவரோட மாடு. அவரோட அண்ணன்தான் கேக்காம சந்தையில வித்தாரு."

சிரிப்பு நின்றது. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்த மாடும்மா?" என்று கேட்டார்.

"ஒத்தக் கொம்பு மாடு."

"உங்க பாட்டன் பேரு என்னா?"

கோபத்தில் வாய் முந்திக்கொண்டது என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. மாட்டைப் பற்றிச் சொன்னது வாய். பெயரைச் சொன்னது நான். அதற்கு முன் அவனை ஒருமுறை பார்த்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தான், இப்போது தலை ஆடவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இல்லாமல் என் அப்பா கிள்ளானில் உட்கார்ந்திருந்தார். நான் பெயரைச் சொன்னேன்.

பெரியப்பா மூன்றாவது தரம் கேட்கவில்லை. பன்னிரண்டாவது இலையை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். "மாடு யாருதுங்கறத அப்பறம் பேசிக்குவம். மொதல்ல இத வாங்கிக்கம்மா" என்றார். அதற்குள் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். திருடன் என்ற பெரியம்மாவே முதலில் கட்டிப்பிடித்து, "மூக்கப் பாரு, அப்படியே நம்ம வூட்டு மூக்கு" என்று கிள்ளினார். அவன் அம்மா ஒவ்வொருவரிடமும் போய், "நான்தான் கண்டுபுடிச்சேன், மீன் கொழம்பு ஊத்தும்போதே தெரிஞ்சிது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இலையிலிருந்து ரத்தம் புடவையில் வடிந்தது. யாரும் கவலைப்படவில்லை. அவன் வந்து என் கையில் தண்ணீர் ஊற்றினான். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்களுக்குள் என்ன இருந்தது என்று அவன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. படிப்பு முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன். 2012இல் கிள்ளானில் என் கல்யாணத்துக்கு, அவன் அம்மா வாழ்நாளில் முதல்முறையாக விமானம் ஏறி வந்து, சமையல்காரர் வைத்த மீன் குழம்பைக் குறை சொன்னார். முதல் சில மாதம் எனக்கும் அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு இல்லை. எப்போது போனது என்று தெரியாமலே போய்விட்டது.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அது போயிருக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். அவர் கீரப்பாளையத்தில் இறங்கிக்கொண்டார். சிதம்பரம் வந்ததும், "உங்கப்பாவுக்குச் சொல்லணும்ல" என்று அவன் கடையைத் திறந்தான். நம்பரை அவனே போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஊரு கெடச்சிருச்சு" என்றேன்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார், கதவு திறக்கும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். ஊர் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். கூறு வைத்திருந்ததைச் சொன்னேன். எண்பது வருடமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அழுதுவிட்டார். நானும் அழுதேன். சந்தோஷம் என்று நினைத்து அவர் என்னைத் தேற்றினார். சந்தோஷமும் அதில் இருந்தது.

"நமக்கு அங்க யார் யாரும்மா இருக்காங்க? ஒவ்வொருத்தரா சொல்லு, எழுதிக்கிறேன்."

பெரியப்பா ஒருவர் என்றேன். பெரியம்மாக்கள் மூன்று பேர். சித்தப்பாக்கள், அவர்கள் பிள்ளைகள். கீரப்பாளையத்தில் ஒரு சித்தி, எனக்கு இத்தனை நாளாகச் சோறு போட்டவர். அப்பா ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"அவங்களுக்குப் பிள்ளைங்க?"

எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தர்தான்பா" என்றேன். "அண்ணன்."

அப்பா அதையும் எழுதிக்கொண்டார்.